பக்கத்து நாற்காலி

சிங்கப்பூரில் நான் முதன்முதலாக வயிறாரச் சாப்பிட்டது ஒரு சாவு வீட்டில். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் சாப்பிட்டிருந்தால் அதில் குற்றமில்லை. நான் அதைச் சாப்பாட்டுக் கடை என்று நினைத்து உட்கார்ந்தேன். பெரிய பாத்திரத்திலிருந்து தேநீரை நானே பிடித்துக்கொண்டேன். இரண்டு கறி பஃப் எடுத்துக்கொண்டேன். வேர்க்கடலையை ஒரு கை அள்ளினேன். அதற்கு மேலும் திருப்தி வராமல், காற்று போதவில்லையே என்று, அங்கே நின்றிருந்த ஆளுயர மின்விசிறியை என் பக்கமாகத் திருப்பினேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம், இறந்தவரின் தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்திகள் அணைந்துபோயின.

இதை என் மனைவியிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. சிங்கப்பூரில் ஒரு நல்ல அம்மாளைச் சந்தித்தேன் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். இந்தக் கட்டுரை அந்த அம்மாளைப் பற்றியது.

என் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து இரவு விமானம். காலையில் போய் இறங்கினால், ஜாலான் புசாரில் நான் அறை பதிவு செய்திருந்த சின்ன ஓட்டலில், பிற்பகல் மூன்று மணிக்கு முன்னால் அறை கிடையாது என்று புன்னகையோடு சொன்னார்கள். புன்னகையோடு மறுக்கப்பட்டால் சண்டை போட முடியாது. அதற்கான பயிற்சி எனக்கு இல்லை. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் நடந்தேன். வெயிலில் சட்டை நனைந்துவிட்டது. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிழலில் ஒதுங்கினேன். அந்த ஊரில் இப்படிப்பட்ட கட்டடங்களின் தரைத்தளத்தை வீடு கட்டாமல் வெறுமனே தூண்களோடு விட்டிருப்பார்கள் என்பதும், கல்யாணமோ சாவோ அங்கேயே நடக்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், தேநீர், தின்பண்டம். ஆள் யாருமில்லை. நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் கடை, முன்னேறிய நாடு என்று நினைத்துக்கொண்டேன்.

மெழுகுவத்தி அணைந்தது எனக்குத் தெரியாது. எங்கிருந்தோ ஓர் அம்மாள் விரைந்து வந்து மின்விசிறியைப் பழையபடி வெளிப்பக்கம் திருப்பினார். திரைக்குள்ளே போனார். லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் திரையின் விலகிய ஓரத்தில் சவப்பெட்டியின் ஒரு மூலையையும் அதன்மேல் ஒரு மலர் வளையத்தையும் பார்த்தேன். வாயில் இருந்த கறி பஃப்பை விழுங்குவதா வேண்டாமா என்பதை எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

அவருக்கு அறுபது வயதிருக்கும். குள்ளம். கழுத்தளவு வெட்டிய முடி, பூப்போட்ட மேல்சட்டை, கறுப்புக் கால்சட்டை, சின்னத் தங்கச் சிலுவை. கையில் வளைந்த பிடி வைத்த குடை. மழைக்காக அதை விரித்து நான் பார்த்ததே இல்லை. நாற்காலி இழுக்கத்தான் வைத்திருந்தார். எட்ட இருக்கும் நாற்காலியின் காலில் குடைப்பிடியை மாட்டி ஓர் இழுப்பு. பிளாஸ்டிக் கால் தரையில் தேயும் அந்தச் சத்தம் கேட்டால், யாரோ ஒருவருடைய தனிமை முடிவுக்கு வந்துவிட்டது என்று பொருள். அன்று முடிந்தது என்னுடையது.

எனக்கு எதிரே உட்காரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே இருப்பவருக்கு நான் என்ன உறவு என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டு எழுந்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் என் பயணம் நான் திட்டமிட்டபடியே நடந்திருக்கும்.

"தனியாவா வந்திருக்கீங்க, தம்பி?"

ஐம்பதைத் தாண்டியவனைத் தம்பி என்றதில் கொஞ்சம் குளிர்ந்துபோனேன். ஆமாம் என்றேன். அந்த ஆமாமில் பெருமையும் இருந்தது. தனிமைப் பயணம் பற்றி எழுதப்பட்ட நூல்களில் கணிசமானவற்றை நான் படித்திருக்கிறேன். எழுதியவர்கள் எல்லாரும் பாலைவனத்திலோ மலையுச்சியிலோ தங்களைத் தாங்களே சந்தித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த விடுப்புக்கும் சேமிப்புக்கும் எட்டிய பாலைவனம் சிங்கப்பூர். என்னையே தேடிப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தபோது மனைவி, கிடைச்சா பத்திரமா கூட்டிட்டு வாங்க, வரும்போது தைலம் ரெண்டு பாட்டில் என்றாள்.

"மத்தியானம் ஏதாச்சும் வேலை இருக்கா?"

ஒன்றுமில்லை என்றேன். அந்த நாட்டில் நான் சொன்ன வாக்கியங்களில் விளைவு மிகுந்தது அதுதான்.

விஷயம் இது. இறந்தவர் அதே கட்டடத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டில் வெகுகாலம் இருந்தவர். எங்கோ காவலாளி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தம் என்று யாரையும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. இறுதிச் சடங்குச் செலவை மாதாகோயில் ஏற்றுக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஜெபமாலை சொல்லக் கோயில்காரர்கள் வருவார்கள். இரவுக்கும் அவர்களுக்குள் முறை வைத்திருந்தார்கள். காலையில் இந்த அம்மாள். பிற்பகலில் மட்டும் எல்லாருக்கும் வேலை. அம்மாளும் பக்கத்திலிருந்த பல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே வரவேற்பு மேசை அவருடையது.

"மூணாம் நாள் எடுக்கிற வரைக்கும் அங்கிள ஒரு நிமிஷம் தனியா விட மாட்டேன்னு சாமியார்கிட்ட சொல்லிட்டேன் தம்பி. மத்தியானந்தான் ஓட்டையா இருக்கு. நீங்க சும்மாதானே லா இருக்கீங்க."

அந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒரு லா ஒட்டிக்கொள்ளும். இவருக்கு ஒன்றும் தெரியாதே, இறந்துவிட்டாரே என்றேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார்.

"உயிரோட இருக்கும்போது என்னைப் பார்த்தா அந்தக் கோடி லிஃப்ட்டுக்கு ஓடிருவாரு. இப்பதான் ஒரு இடத்துல இருக்காரு."

அப்புறம் குடையால் என் நாற்காலியை இழுத்துத் திரைக்கு உள்பக்கம் போட்டார். மெழுகுவத்தி தீர்ந்தால் எங்கே இருக்கிறது, யாராவது வந்தால் என்ன குடிக்கக் கொடுப்பது என்று சொன்னார். மின்விசிறியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் போகும் முன் அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

இப்படியாக, அலுவலகத்திலிருந்து தப்பித்து வந்தவனுக்கு வந்த இடத்தில் பிற்பகல் ஷிப்ட் கிடைத்தது. அதன் பிறகு நான் சிங்கப்பூரைப் பார்த்ததெல்லாம் காலை வேளைகளில், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. பூங்காவுக்குப் போனேன், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து என்னைச் சந்திக்க முயன்றபோது ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கடற்கரைப் பக்கம் உயர்ந்த கட்டடங்களைப் படம் பிடித்துவிட்டு ஓடி வந்தேன். ரயிலில் எந்தப் பக்கம் நிற்பது, சாப்பிட்ட தட்டை எங்கே திருப்பி வைப்பது, பால் இல்லாத காப்பியை எப்படிக் கேட்பது போன்ற, புதிய ஊரில் முதல் நாள்கள் ஒருவன் கற்றுக்கொள்வதையெல்லாம் நான் அவசரத்தில் கற்றுக்கொண்டேன். எங்கே ஓடுகிறீர்கள் என்று ஓட்டல் வரவேற்பில் கேட்டபோது, பிற்பகலில் ஒருவரைப் பார்க்கவேண்டும் என்றேன். சாவு வீட்டிலிருந்து வந்தால் தலைக்குக் குளிக்கவேண்டும் என்று வளர்ந்தவன் நான். தினமும் சாயங்காலம் ஈரத்தலையோடு என்னைப் பார்த்த அந்தப் பெண், அந்தச் சந்திப்பைப் பற்றி என்ன நினைத்தாளோ.

அந்த அம்மாளின் குணம் முழுக்க அந்த ஒன்றில்தான் இருந்தது: ஒருவர் ஒற்றையாக உட்கார்ந்திருப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதல் நாள் சாயங்காலம் கோயில்காரர்கள் வந்தபிறகு, எனக்கு லேசாகப் பல் வலிக்கிறது என்று சொல்லப்போக, அவருடைய மருத்துவமனைக்கே அழைத்துப் போனார். காத்திருக்கும் இடத்தில் ஆளுக்கு ஆள் ஓர் இருக்கை விட்டு உட்கார்ந்திருந்தார்கள், உலகமெங்கும் அப்படித்தான் உட்காருகிறோம். அம்மாள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, பக்கத்துப் பக்கத்தில் நெருக்கி உட்கார வைத்தார். கன்னம் வீங்கிய இருவர் ஒருவரையொருவர் பார்த்துப் பரிதாபமாகச் சிரிக்க முயன்றார்கள். டாக்டர் இதைப் பலமுறை கண்டித்திருக்கிறாராம். "ஒத்தையா ஒக்காந்தா அது ஒக்காருறது இல்ல தம்பி, வெயிட் பண்றது" என்றார் என்னிடம். தேக்கா சாப்பாட்டுக் கடைகளிலும் இதே கதை. காலி மேசை இருக்கும்போதே, தனியாகத் தோசை சாப்பிடும் ஒருவரிடம் என்னை இழுத்துப்போய் உட்கார வைப்பார். அந்த மனிதர் தன் கைபேசியில் எதையோ ரசித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களைப் பார்த்ததும் முகம் விழும். எனக்கு அவர்மேல் இரக்கம் வரும். அன்பு என்பதில் கொஞ்சம் ஆக்கிரமிப்பும் இருக்கிறது என்று அப்போதெல்லாம் தோன்றும்.

அதனால்தான் நான் மெல்ல மெல்ல இறந்தவரின் கட்சிக்குச் சாய்ந்தேன். திரைக்குள்ளே நாங்கள் இருவர். சட்டமிட்ட படம் ஒன்று, அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அம்மாள் வருவதைப் பார்த்துவிட்டார், லிஃப்ட் கதவு இன்னும் மூடவில்லை; முகத்தில் அப்படியொரு பாவனை. மாதாகோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பூசை முடிவதற்குச் சற்று முன்பே நழுவிவிடுவாராம். கிறிஸ்துமஸ்தோறும் அம்மாள் ஒரு தட்டில் பிரியாணி கொண்டுபோய்க் கொடுப்பார். வாங்கிக்கொள்வார். மறுநாள் தட்டு கழுவித் துடைத்து, பையில் போட்டு, அம்மாள் வீட்டு வெளிக்கதவில் தொங்கும். மணி அடிக்கமாட்டார். "ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது லா" என்று அம்மாள் சொன்னபோது, அது புகாரா பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாம் நாள் அவர் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது துணிந்து கேட்டுவிட்டேன்.

"அக்கா, வாழ்நாள் பூரா தனியா இருக்கத்தான் பிரியப்பட்டிருக்கார். இப்பவாவது அவரை விட்டுடலாமே?"

எனக்காகவும் சேர்த்துத்தான் கேட்டேன். அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு மனிதர் விரும்பாததைத் தான் இத்தனை காலம் அவருக்குச் செய்துவிட்டோமோ என்று அவர் நிஜமாகவே யோசிப்பது தெரிந்தது. முகம் வாடியது. கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்கு ஆகிவிட்டது. பிறகு என்னை எழச் சொன்னார். என் நாற்காலியில் குடைப்பிடியை மாட்டினார். சவப்பெட்டியின் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டுபோய்த் தூணருகே விட்டார்.

"சரி. கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க."

அவ்வளவுதான் அவரால் விட்டுக்கொடுக்க முடிந்தது. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பிற்பகல் பெருமழை. தெறிக்கும் சாரலிலிருந்து மெழுகுவத்தியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அந்த விஷயத்தில் எனக்குப் பிராயச்சித்தம் பாக்கியிருந்தது. அப்போது இறந்தவர் இருந்த மாடியிலேயே குடியிருக்கும் சீன முதியவர் ஒருவர் வந்தார். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பி இரண்டு கொண்டுவந்திருந்தார். ஒன்றை எனக்குக் கொடுத்தார். மற்றதைக் குடிக்காமல், திரைக்கு வெளியே சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசைமீது வைத்துவிட்டு, அதன் ஓர் இருக்கையில் உட்கார்ந்து மழையைப் பார்த்தார். எதிர் இருக்கை காலி. நான் அரைகுறை ஆங்கிலத்தில் விசாரித்தேன். அவருடைய ஆங்கிலமும் அரைதான். இரண்டும் சேர்ந்து ஒன்றாயிற்று. சாயங்காலமானால் அவரும் இறந்தவரும் இந்த மேசையில் எதிரெதிரே உட்காருவார்களாம். வருடக்கணக்காக. என்ன பேசுவீர்கள் என்றேன்.

"நோ டாக்" என்றார் அவர். "சிட் ஒன்லி லா."

அம்மாள் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் இதைச் சொன்னேன். அவருக்கு இது தெரியாது. அவர் பல் மருத்துவமனையில் ஆள்களை நெருக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த விஷயம். தெரிந்தால் நடுவில் ஒரு நாற்காலியோடு வந்திருப்பார். கல்மேசையை எட்ட நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஆறிப்போன காப்பி அங்கேயே இருந்தது. அதை எடுத்துக் கொட்டவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் எடுக்கவேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. சவப்பெட்டியைத் தூக்கக் கோயிலிலிருந்து வருவதாகச் சொன்ன ஆள்களில் ஒருவருக்குக் கடைசி நேரத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. வண்டி வந்து நின்றுவிட்டது. ஓர் ஆள் குறைகிறது. நானும் தோள் கொடுப்பவனாகக் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தேன். அது எப்போது முடிவானது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வண்டியோடு வந்த நிறுவனத்து ஆள்கள் கையுறை போட்டுக்கொண்டு, நாங்களே எடுத்துவிடுகிறோம் என்று பணிவாக முன்வந்தார்கள். அது அவர்கள் வேலை. நியாயமும் அதுதான். அம்மாள் வழியில் நின்றுகொண்டார்.

"கம்பெனி ஆளு தூக்கினா அது டெலிவரி மாதிரி இருக்கும் தம்பி. அவரைத் தெரிஞ்சவங்க தூக்கணும்."

எனக்கே அவரைத் தெரியாது என்றேன்.

"மூணு நாளா கூடவே இருக்கீங்க. அவரு இவ்வளவு நேரம் யார்கூடயும் இருந்ததில்ல லா."

சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். தகனத்துக்கு நேரம் குறித்திருந்தார்கள். தகனச்சாலை இருக்கும் மண்டாய் வரை போகவேண்டும். அம்மாள் யார் யாரையோ கைபேசியில் அழைத்தார். ஒவ்வொருவரும் வேலையில். குரல் உடையாமல் ஒவ்வொருவருக்கும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி அழைப்புக்குப் பிறகு குடையைத் தூணில் சாத்திவிட்டு, தானே தூக்குவதாக முன்னால் வந்தார். அவருடைய உயரத்துக்குப் பெட்டி அந்த மூலையில் சரிந்துவிடும்.

அப்போது கல்மேசையிலிருந்து சீன முதியவர் எழுந்தார். அன்று செருப்பில்லை, ஷூ போட்டிருந்தார். சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டிருந்தார். அம்மாளின் தோளைத் தொட்டு விலகச் சொல்லிவிட்டு அந்த மூலையைப் பிடித்துக்கொண்டார். முழங்கால், முழங்கால் என்றார் அம்மாள். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அங்கிருந்து வண்டி நின்ற இடம் கூப்பிடு தூரம்தான். அவரால் முடிந்த வேகத்தில் நாங்கள் எல்லாரும் நடந்தோம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் இருவருக்கும் பழக்கப்பட்ட முறையும் அதுதானே.

மண்டாயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி மெதுவாக நகர்ந்தது. பார்க்கும் கூடத்தில் வரிசையாக இருக்கைகள். நானும் முதியவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றோம். வழக்கப்படி அம்மாள் இடையில் வந்து இருவரையும் சேர்த்து உட்கார வைப்பார் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை. எங்கள் இருவரிடமிருந்தும், கண்ணாடியிலிருந்தும் கொஞ்சம் தள்ளி நின்றார். தூணிலிருந்து எடுத்துவந்த குடை வண்டியிலேயே இருந்தது.

மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பினேன். பயணம் எப்படி என்று கேட்டவர்களிடம் தனிமையின் பயன்களைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். தைலம் வாங்க மறந்துவிட்டது. அதைப் பற்றி வீட்டில் வேறு கொஞ்சம் பேச்சு நடந்தது.

இரண்டு வருடம் கழித்து மனைவியோடு மறுபடி போனேன். தைலத்துக்காக என்று அவள் சொன்னாள். எனக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் எப்படி ஆச்சரியப்படுவார், மூன்று நாள் துணை இருந்த கதையை என் மனைவியிடம் எப்படிச் சொல்லுவார் என்று விமானத்திலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். தேக்கா சாப்பாட்டுக் கடைகளில் தேட வேண்டியிருக்கவில்லை. பிளாஸ்டிக் கால் தரையில் தேயும் சத்தம் கேட்டது. முதுகுப்பையோடு தனியாக உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார இளைஞன் திகைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் பக்கத்தில் அம்மாள் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

அக்கா என்று போய் நின்றேன். அன்பாகப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டார். என்னை யாரென்று தெரியவில்லை என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

"நீங்க எந்த டெத்துக்கு வந்தீங்க, தம்பி?"

சொன்னேன். சொந்தமில்லாத அங்கிள், பிற்பகல் காவல், மழை. அப்படிப் பல அங்கிள்கள் போலும். பல பிற்பகல்களுக்குப் பல தம்பிகள். சீன முதியவர் பெட்டியைத் தூக்கியதைச் சொன்னதும் அவர் கண்கள் ஒரு கணம் கலங்கின. அந்த முதியவர் இன்னும் அந்தக் கல்மேசையில்தான் உட்காருகிறார், யாரையும் பக்கத்தில் விடுவதில்லை, தானும் போவதில்லை என்றார். பிறகு என்னை மறுபடி ஏறிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

குடையால் இன்னொரு நாற்காலியை இழுத்து என் மனைவியை உட்கார வைத்தார். எனக்கும் ஒன்றை இழுத்தவர், அதைப் பாதியில் நிறுத்தினார். மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை ஒரு முறை பார்த்துவிட்டு, என் மனைவியிடம் சொன்னார்:

"மெழுகுவத்திய அணைச்சவரும்மா இவரு. காத்து படுற எடத்துல மட்டும் ஒக்கார வைக்காதீங்க."